பார்த்துடலாம் பேர்வழி

இந்தப் பிராணியைப் பிடிப்பது சுலபம். வலை வேண்டாம், கூண்டு வேண்டாம். ‘முடியாது’ என்ற ஒரு சொல்லைத் தெருவில் போட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். எங்கிருந்தாலும் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிடும். சட்டைக் கையை மடிக்கும். உள்ளங்கை இரண்டையும் சேர்த்து ஒரு தேய் தேய்க்கும். தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும். பிறகு தன் குரலை எழுப்பும்:

“பார்த்துடலாம்!”

அவ்வளவுதான். உங்கள் அன்றைய பொழுது போயிற்று.

இவரை உங்களுக்குத் தெரியும். பஸ் புறப்பட்டு முக்குத் திரும்பிய பிறகு அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவர் இவர்தான். மருந்துக்கடையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்ட மனிதரிடம் போய் ‘ஒரே ஒரு மாத்திரை’ என்று தலையைச் சொறிகிறவர் இவர்தான். வாளித் தண்ணீரில் விழுந்து ராத்திரி முழுக்க ஊறிய கைக்கடிகாரத்தை வெயிலில் காயவைத்துவிட்டு, மணி கேட்கிறவர்களுக்கெல்லாம் ‘சாயங்காலம் சொல்றேன்’ என்று பதில் சொல்கிறவர், ஐந்து பேர் உட்காரும் காரில் எட்டாவது ஆளாக ஏறி, ஒன்பதாவது ஆளுக்குத் தன் மடியைத் தட்டிக் காட்டுகிறவர், முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும் என்று விளம்பரம் செய்த வேலைக்கு நாற்பத்தெட்டு வயதில் விண்ணப்பம் போட்டுவிட்டு, ‘பார்க்கிற அவசரத்துல கவனிக்காம விட்டாலும் விட்டுடுவாங்க’ என்று புதுச்சட்டைக்கு அளவு கொடுக்கிறவர், எல்லாம் இவரே.

முயற்சி நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லா முயற்சியும் நல்லதுதான். அது நடக்கிற மாடிப்படியில் நீங்கள் அகப்பட்டிருக்க வேண்டும்.

நம்மிடம் இதற்கு ஒரு பழமொழி உண்டு. மயிரைக் கட்டி மலையை இழு. வந்தால் மலை, போனால் மயிர். அந்தச் சொல்லை அச்சில் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் ‘முடி’ என்று படித்துக்கொள்ளலாம். மலைக்கு ஒரு வித்தியாசமும் தெரியப்போவதில்லை. கேட்க எவ்வளவு லாபமாக இருக்கிறது! ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. யாருடைய மயிர்? பார்த்துடலாம் பேர்வழி தன் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக் கட்டியதாக இதுவரை தகவல் இல்லை. அவர் தலை எப்போதும் காடு மாதிரி அடர்ந்து, எண்ணெய் மினுங்க, வகிடு எடுத்து அழகாகவே இருக்கும். கட்டுவதெல்லாம் பக்கத்தில் நிற்கிறவன் மயிர். என் தலையைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

நான் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குகிற தொழில் செய்கிறவன். ஒரு லாரி, இரண்டு ஆள். ஒருவன் நெட்டையன், பேசமாட்டான், தூக்குவான். மற்றவன் என் மனைவியின் தம்பி. தூக்குவான், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடுவிலும் பேசுவான். அவனை வேலைக்குச் சேர்த்தது யார் என்று கேட்காதீர்கள். உங்களுக்கும் கல்யாணம் ஆகியிருக்கும்.

அவனும் ஒரு பார்த்துடலாம் பேர்வழிதான். அவனைக் கெடுத்தது தோல்வி அல்ல. தோல்வியால் கெட்டவன் யாரும் இல்லை. நாலு தடவை விழுந்தால் எந்தக் கழுதையும் பாதை மாறும். அவனைக் கெடுத்தது ஒரே ஒரு வெற்றி. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வீட்டு வாசலை விட அகலமான இரும்பு அலமாரியை, ‘போகாதுடா, போகாதுடா’ என்று நான் கத்தக் கத்த, சாய்த்து, திருப்பி, ஓர் எத்து எத்தினான். போய்விட்டது. எப்படிப் போயிற்று என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அலமாரிக்கும் தெரியாது. அவனுக்குச் சத்தியமாகத் தெரியாது. அந்த வீட்டில் அதற்குப் பிறகு இரண்டு குடும்பம் மாறிவிட்டது, அலமாரி மட்டும் மாறவில்லை. வெளியே எடுக்க முடியாமல் அங்கேயே நிற்கிறது. அந்தப் பாதியை அவன் கதையில் சேர்ப்பதில்லை. ‘அன்னிக்கு அந்த அலமாரி...’ என்று அவன் தொண்டையைக் கனைத்தால் எங்கள் வீட்டில் ஒருவர் பாத்திரம் தேய்க்கவும் இன்னொருவர் துணி மடிக்கவும் எழுந்து போய்விடுவார்கள். பலித்த ஒன்றை இவர்கள் ஊருக்குச் சொல்வார்கள். பலிக்காத தொண்ணூற்றொன்பதையும் ஊர்தான் இவர்களுக்குச் சொல்லவேண்டும்.

இனி, அந்தச் சோபா.

மூன்று பேர் உட்காரும் சோபா. கனத்த மரம், முதுகு உயரம், தடித்த கால்கள். காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரியாக இருக்கும் ஓர் அம்மாவுடையது. அவர் குடிவரும் வீடு மூன்றாம் மாடி. லிப்ட் கிடையாது. படிக்கட்டு ஒருவர் ஏறினால் எதிரே வருகிறவர் வயிற்றை எக்க வேண்டிய அகலம். அந்த அம்மா இடுப்பில் இரண்டு தலையணையை இடுக்கிக்கொண்டு படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார், சோபாவைக் குனிந்து பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

“இது லாங் ஷாட்தான்” என்றார்.

என் மைத்துனன் உடனே காதைத் தீட்டினான். “அப்படின்னா என்னங்க மேடம்?”

“ரொம்ப தூரத்துல நின்னு குறி வெச்சுச் சுடறது. படறது அபூர்வம். பட்டா அதிர்ஷ்டம். எங்க ஆபீசுல ஒரு விஷயம் நடக்காதுன்னு மரியாதையா சொல்லணும்னா இப்படித்தான் சொல்லுவோம்.”

படித்தவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஓர் உறை உண்டு. ‘முடியாது, போ’ என்பதை நாலு பேர் எதிரே அப்படியே நீட்டக் கூச்சமாக இருக்கும். லாங் ஷாட் என்று உறையில் போட்டுக் கொடுத்தால் வாங்குகிறவனும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவான். பெண் கேட்டு வந்தவனிடம், கடன் கேட்டு வந்தவனிடம், பதவி உயர்வு கேட்டு வந்தவனிடம் சொல்லலாம். யாரிடம் சொல்லக்கூடாது என்றால் என் மைத்துனனிடம் சொல்லக்கூடாது.

“பட்டா அதிர்ஷ்டம்! கேட்டீங்களா அத்தான்? இங்கிலீஷ்காரனே சொல்லிட்டான்!”

“படறது அபூர்வம்னும் சொன்னாங்கடா.”

“அது சும்மா, முன்னாடி ஒரு பேச்சுக்கு. முடிவு என்ன சொல்லுது? அதிர்ஷ்டம்!”

“வாயை மூடிட்டுக் காலைக் கழட்டு. சோபா காலைச் சொன்னேன்.”

“கழட்டினா திரும்ப மாட்டணும் அத்தான். ஆட்டம் கண்டுடும். அப்படியே நட்டு நிறுத்தி, திருப்பத்துல ஒரு சுத்து சுத்தினா மேடம் வீட்டு வாசல்ல போய் நிக்கும். பார்த்துடலாம்!”

இந்தப் பேர்வழிகளின் மொத்த அகராதியும் மூன்று சொல்தான். தொடங்கும்போது ‘பார்த்துடலாம்’. நடுவில் ‘இன்னும் கொஞ்சம்தான்’. நடுவிலிருந்து கடைசி வரைக்கும் ‘இவ்வளவு தூரம் வந்தாச்சே’. எல்லாம் உடைந்து நொறுங்கிய பிறகு ‘ஓர் அனுபவம்தானே’ என்று நாலாவதாக ஒன்றும் உண்டு. ஆனால் அதைக் கேட்கும் நிலையில் அப்போது யாரும் இருக்கமாட்டார்கள்.

இரண்டாம் மாடி வரைக்கும் சோபா சாதுவாக வந்தது. அங்கிருந்து மூன்றாம் மாடிக்குப் போகும் திருப்பத்தில், நட்டு நிறுத்தி, சுற்றி, ஒரு தள்ளுத் தள்ளினான். ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தலை மேல்கூரையில், முதுகு சுவரில், கால் கைப்பிடிக் கம்பியில். கல்லில் செதுக்கி வைத்த மாதிரி நின்றுவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாமான் சிக்கிக்கொண்டால் முதலில் ஒரு படி இறக்கு. இறக்கி, மூச்சு விட்டு, பிறகு வேறு பக்கமாக யோசி. ஒரு படி இறக்கினால் வழியும் கிடைக்கும், புத்தியும் கிடைக்கும். நான் சொன்னேன்.

“இறக்கறதா? இவ்வளவு தூரம் வந்தாச்சே அத்தான்!”

அப்போதுதான் சோபாவின் தலைக்குப் பக்கத்தில், கூரைக்குக் கீழே, ஒரு பூனை நுழைகிற அளவு இருந்த சந்தில் ஒரு முகம் தெரிந்தது. ஐம்பதைத் தொடப்போகிற முகம். மீசைக்கு மை தீட்டியிருந்தார். நட்டநடுவில் ஒரே ஒரு நரை தப்பித்து நின்றது.

“கொஞ்சம் வழி விடறீங்களா? அவசரமாப் போகணும்.”

“ஒரு நிமிஷம் சார். என்ன அவசரம்?” என்றான் மைத்துனன்.

“கல்யாணம்.”

“யாருக்கு?”

“எனக்கு.”

மூன்றாம் மாடியில் எதிர் வீட்டுக்காரராம். பதிவு அலுவலகத்தில் கல்யாணம். பதிவாளர் அன்று மதியத்தோடு எழுந்து வெளியூர் போகிறார். பெண் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர்; வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சாக்குச் சொல்லும் ஆட்களைத் தினமும் பார்க்கிறவர். ஆறு வருடம் இவர் கேட்டு, அவர் மறுத்து, கடைசியில் சரி என்றிருக்கிறார். சரி என்றதும் இவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு தடவை காய்ச்சல் என்று தேதியைத் தள்ளினார். இன்னொரு தடவை காய்ச்சலே இல்லாமல் தள்ளினார். ‘இன்னிக்கும் வரலேன்னா இனிமே நீங்க யாரோ, நான் யாரோ’ என்று மணப்பெண் முந்தின நாளே சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் மாப்பிள்ளை சந்து வழியாகத் தலையை மட்டும் நீட்டி எங்களுக்குச் சொன்னார். சொல்லச் சொல்ல வியர்வையில் மீசை மை வழிந்தது.

“தம்பி, கொஞ்சம் கீழே இறக்கிடுங்களேன். நான் போயிடறேன். அப்புறம் நீங்க என்ன வேணா பண்ணுங்க.”

நியாயமான பேச்சு. எந்தக் கல்நெஞ்சனும் இறக்கியிருப்பான். ஆனால் இந்தப் பேர்வழிகள் கல்நெஞ்சர்கள் இல்லையே! கருணையில்தான் இவர்கள் ஆளைக் கொல்வார்கள்.

“சார், உங்களுக்காகவே சொல்றேன். இறக்கித் திருப்பறதுக்குள்ள நேரமாயிடும். இன்னும் கொஞ்சம்தான். ஒரே ஒரு தள்ளு. மேல வந்துட்டா நீங்க ராஜா மாதிரி இறங்கிப் போகலாம். கல்யாணப் பொண்ணை ஆறு வருஷம் கேட்டு வாங்கின ஆளு நீங்க! நீங்களே இப்படிச் சொல்லலாமா?”

கடைசி வார்த்தைதான் விஷம். மாப்பிள்ளையின் முகம் மாறுவதை நான் பார்த்தேன். ஆமாம், ஆறு வருடம் கேட்டவர்தானே! அவர் நெஞ்சுக்குள்ளும் ஒரு பார்த்துடலாம் பேர்வழி குந்திக்கொண்டிருந்திருக்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்துவிட்டான். கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டினார்.

“நான் மேலேர்ந்து இழுக்கவா?”

“அப்படிச் சொல்லுங்க!”

இது தொற்று நோய் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இழுத்தார்கள், தள்ளினார்கள். அரை விரற்கடை நகர்ந்தது. நகர்ந்தே இருக்கக் கூடாது. நகராத பொருளை மனிதன் விட்டுவிடுவான். அரை விரற்கடை நகர்ந்த பொருளை விடமாட்டான். ‘நகருது! நகருது!’ என்று இரண்டாம் மாடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் நுரையோடு வந்து தோளைக் கொடுத்தார். லாங் ஷாட் என்று உறையில் போட்டுக் கொடுத்த அதிகாரி அம்மா தலையணைகளை எறிந்துவிட்டு, ‘இடது பக்கம்! அட, உங்க இடது இல்ல, என் இடது!’ என்று தளபதி ஆகிவிட்டார். வாயே திறக்காத நெட்டையன் ‘ஏலேலோ’ என்றான். நானும் தள்ளினேன். எதற்குத் தள்ளினேன்? நகர்ந்ததே!

மேலே மாப்பிள்ளையின் போன் அடித்தது. ஒரு கையால் சோபாவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்தார்.

“எங்க இருக்கீங்க?” பெண்ணின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“படிக்கட்டுல.”

“எந்தப் படிக்கட்டு? ஆபீஸ் படிக்கட்டா?”

“வீட்டுப் படிக்கட்டு. நடுவுல ஒரு சோபா.”

“காய்ச்சல் சொன்னீங்க. சரி. இது புதுசா இருக்கு. நான் வந்து பார்க்கறேன்.”

வந்தே விட்டார். நல்ல உடை, கைப்பை, நெற்றியில் வியர்வை. எங்கள் முதுகுகளுக்குப் பின்னால் வந்து நின்று, சந்தில் தெரிந்த மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். மீசை மை தாடை வரைக்கும் வந்திருந்தது. சோபாவைப் பார்த்தார். பல் மருத்துவமனைக்காரர் இல்லையா, ஒரே பார்வையில் விஷயம் புரிந்துவிட்டது.

“இதை ஏன் கீழே இறக்கல?”

சிலர் கூரையைப் பார்த்தோம்.

“வாங்க, போகலாம். வண்டி நிக்குது. இதை இறக்கச் சொல்லுங்க.”

மாப்பிள்ளை என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். ஆறு வருடம் கேட்டவர். இரண்டு தடவை தள்ளியவர். பெண்ணே தேடிக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்கிறார். அந்த மனிதர் சொன்னார்:

“ஒரே ஒரு நிமிஷம்மா! வந்துடும்போல இருக்கு. இன்னும் ஒரே ஒரு தள்ளு!”

“அப்படிப் போடுங்க மாப்பிள்ளே!” என்றான் என் மைத்துனன்.

மணப்பெண் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு, திரும்பி, இறங்கினார். செருப்புச் சத்தம் இரண்டாம் மாடி, முதல் மாடி, கீழே என்று குறைந்துகொண்டே போனது. பிறகு சத்தமே இல்லை.

எல்லோர் கையும் சோபாவில் இருந்தது. யாரும் தள்ளவில்லை. மாப்பிள்ளையின் முகத்திலிருந்த வீரமெல்லாம் மையோடு வழிந்துபோய், வெறும் ஐம்பது வயது மட்டும் மிஞ்சி நின்றது.

“இறக்குங்க” என்றார்.

“சார், இவ்வளவு தூரம் வந்...”

“இறக்குடா!”

அந்தக் கட்டடம் அதுவரைக்கும் அப்படி ஒரு குரலைக் கேட்டிருக்காது. நான் அடியில் தோளைக் கொடுத்தேன், நெட்டையன் இழுத்தான். வாழைப்பழத்தில் ஊசி ஏறுகிற மாதிரி, நோகாமல் வழுக்கிக்கொண்டு வந்து, சோபா இரண்டாம் மாடி முகப்பில் உட்கார்ந்தது. இதற்குத்தான் அத்தனை பாடு. மாப்பிள்ளை அதன் மேலேயே ஏறிக் குதித்து, கோட்டு ஒரு கையில் மாட்டியும் மறு கையில் மாட்டாமலும் ஓடினார். நாங்கள் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினோம்.

வாசலில் வாடகை வண்டி நின்றுகொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே அந்த அம்மா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“போகலியா நீ?” என்று மூச்சு வாங்கினார் மாப்பிள்ளை.

“வந்தா கல்யாணம், வராட்டி இதே வண்டியில வேலைக்குப் போயிடலாம்னு உட்கார்ந்திருந்தேன்” என்றார் அவர். “மீசையைத் துடைங்க முதல்ல.”

ஆக, அந்த அம்மாவும் சாமானியப்பட்டவர் இல்லை. ஆறு வருடம் கேட்டவருக்கு ஏற்ற ஜோடி.

பதிவாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டாராம். இவர்கள் ஓடி வந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி எடுத்துத் திறந்தாராம். கையெழுத்து ஆயிற்று. சாயங்காலம் இருவரும் கணவன் மனைவியாகப் படியேறி வந்தார்கள். சோபா அதே முகப்பில்தான் இருந்தது. அதில் நானும் மைத்துனனும் நெட்டையனும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். வாழ்த்தினோம். புது மாப்பிள்ளை வெட்கத்தோடு சிரித்தார். மனைவியை உள்ளே அழைத்துப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

ஒரு பாட்டுக் கேட்டு முடிக்கிற நேரம் ஆகியிருக்கும். கதவு திறந்தது. பழைய சட்டை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை வந்து நின்றார். உள்ளங்கைகளைத் தேய்த்தார். பின்னாலேயே புது மனைவி வந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, திருப்பத்தையும் சோபாவையும் பார்த்தார்.

“முதுகைச் சுவத்துப் பக்கம் வெச்சீங்களே, அதான் தப்பு” என்றார்.

என் மைத்துனன் துள்ளி எழுந்தான்.

கதை இவ்வளவுதான். கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பதுதானே விஷயம்? நடந்துவிட்டது. எல்லோரும் சௌக்கியம். நீங்கள் எழுந்து உங்கள் வேலையைப் பார்க்கப் போகலாம்.

போகவில்லையே நீங்கள்? ஏன் இன்னும் நிற்கிறீர்கள்? சோபா என்ன ஆயிற்று என்றுதானே பார்க்கிறீர்கள்? காலைக் கழற்றிவிட்டு, முதுகைக் கம்பிப் பக்கம் போட்டு, அடியை முதலில் ஏற்றினால் போகும் என்று மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டீர்கள், இல்லையா? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, ஒற்றைக் கண் சுருங்கியிருக்கிறது.

சரி, சும்மா நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாருங்கள். இந்த மூலையில் பிடிக்க ஓர் ஆள் குறைகிறது.